கதவைத் திறந்து வைத்துச் சோதியுங்கள்: திருகோணமலை வீடுகளில் ஸ்மார்ட் பூட்டுக் கோளாறுகள்

ஸ்மார்ட் பூட்டு அடம்பிடித்தால் பெரும்பாலானோரின் கை முதலில் போனுக்குத்தான் போகிறது. செயலியை நீக்கி மறுபடி ஏற்றுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் பூட்டையே முழுதாக அழிப்பார்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய கைரேகையும் அதோடு போய்விடும். கடைசியில் பார்த்தால் பிழை கதவில் இருக்கும்.

உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர், மனையாவெளி என்று கடலை ஒட்டிய பக்கங்களில் இந்தப் பூட்டுகளைக் கெடுப்பவை முக்கியமாக மூன்று: மாரியில் ஊதும் மரம், உப்புக்காற்றில் கறள் பிடிக்கும் தொடுமுனை, தரம் குறைந்த பற்றறி. உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையைச் சந்தேகிப்பது இவற்றுக்குப் பிறகுதான்.

ஆகவே அறிகுறி எதுவாக இருந்தாலும் முதலில் கதவை அகலத் திறந்து வையுங்கள். பூட்டோடு வந்த கைத்திறப்பு (சாவி) உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். கதவு திறந்தபடியே இருக்க, பூட்டை ஐந்து தடவை பூட்டித் திறந்து பாருங்கள். ஐந்து தடவையும் சீராக ஓடினால் பூட்டில் குறையில்லை. கதவும் நிலையும் பொருந்தவில்லை. திறந்த கதவிலும் தடுமாறினால் பற்றறியைப் பாருங்கள், அடுத்ததாகப் பொருத்திய விதத்தை. சாத்திப் பார்க்கச் சொல்லும் சோதனைகளைத் தவிர, கீழே சொல்லும் எந்த வேலையையும் கதவைச் சாத்திவிட்டுச் செய்ய வேண்டாம். உள்ளே திறப்பு, வெளியே ஆள் என்று மாட்டிக்கொள்வது இந்த ஒரு கவனக்குறைவால்தான்.

மோட்டார் உறுமுகிறது, நாக்கு முழுதாகப் போகவில்லை

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை இறங்கியதும் இந்தப் புகார் தொடங்கும். தை வரை ஓயாது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாக்கில் மாறுவது மிகக் குறைவு. இழைக்குக் குறுக்கே, அகலவாக்கில்தான் ஊதும். ஊதிய கதவு நிலையோடு உரசும், நாக்கும் (பூட்டிலிருந்து வெளியே வரும் உலோகத் துண்டு) நிலையில் உள்ள தகட்டின் துவாரமும் நேருக்கு நேர் நிற்காது. பழைய பூட்டில் தோளால் கதவை இடித்து, திறப்பைக் கையால் அழுத்தித் திருப்பிச் சமாளித்தோம். நாலு சின்னப் பற்றறியில் ஓடும் மோட்டாருக்கு அந்தப் பலம் கிடையாது. நாக்கு இடித்ததும் நின்று, திரும்பி உள்ளே போய், கீச்சென்று கத்தும்.

எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். கதவைச் சாத்தி, கைபிடியை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தபடி பூட்டிப் பாருங்கள். பூட்டினால், கதவு நிலையில் இறுகி நாக்கின் மேல் அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். இழுத்துப் பலனில்லை, கதவைச் சற்று மேலே தூக்கிப் பிடித்தால் பூட்டுகிறது என்றால் கதவு தொங்கிவிட்டது. மேல் பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்திருக்கும்.

தொங்கிய கதவுக்கு மேல் பிணைச்சலின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டை பெருத்திருந்தால் மரக்குச்சியைப் பசை தடவி அடித்து இறுக்கி, 50 மி.மீ. நீளத் திருகாணி போடுங்கள். கடலோரத்தில் சாதாரண இரும்புத் திருகாணி ஒரு மாரிக்குள் கறள் கட்டிவிடும். துருப்பிடிக்காத எஃகில் 316 தரம் என்று கேட்டு வாங்குங்கள். 304ஐவிட விலை கூடினாலும் அதில் மொலிப்டினம் கலந்திருப்பதால் உப்பு அதைக் குழி குழியாகத் தின்பது குறைவு.

இறுகிய கதவுக்கு நாக்கின் முனையில் குங்குமத்தையோ அடுப்புக்கரியையோ தடவி, கதவைச் சாத்தி, நாக்கை மெதுவாக வெளியே விடுங்கள். தகட்டில் எங்கே கறை படுகிறதோ அங்கேதான் இடி. 1 முதல் 2 மி.மீ. வரை அரத்தால் தேய்த்துத் துவாரத்தைப் பெருப்பிக்கலாம். அதற்கு மேல் என்றால் தகட்டைக் கழற்றி இடம் மாற்றுவதுதான் ஒழுங்கு. துவாரத்தைத் தாராளமாகத் தோண்டிவிட்டால் மாரி முடிந்த பின் கதவு ஆடும், தட்டினால் கடகடக்கும்.

கொங்கிரீட் நிலை போட்ட வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சதுர நாக்கு பெரும்பாலும் 20 முதல் 25 மி.மீ. வெளியே வரும். கொங்கிரீட்டில் துளைத்த குழி 15 மி.மீ.தான் என்றால் அந்த நாக்கு என்றைக்கும் முழுதாகப் போகாது. ஆணி ஒன்றை விட்டு ஆழத்தை அளந்து, நாக்கின் நீளத்தைவிட 5 மி.மீ. கூடுதலாகத் துளையுங்கள். தூளை ஊதி வெளியே எடுங்கள். அடியில் தங்கும் சீமெந்துத் தூள் ஈரம் பட்டு இறுகும்.

மழைநாளில் கதவின் விளிம்பைச் சீவுவதென்றால் உரசும் இடத்தை மட்டும், மிகக் குறைவாகச் சீவுங்கள். ஆனியில் கச்சான் காற்று அடித்து மரம் காய்ந்ததும் அதே கதவு சுருங்கும்; மாரியில் தாராளமாகச் சீவிய கதவில் அப்போது விரல் நுழையும் இடைவெளி விழும். காய்ந்த காலத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிவர 3 மி.மீ. அளவு இருப்பது நல்லது. அதைவிட முக்கியம், வெட்டிய மரத்தை மூடுவது. பூட்டுப் பெட்டிக்காக ஓடாவி குடைந்த குழியின் உட்புறமும் கதவின் மேல், கீழ் விளிம்புகளும் அநேகமாக வெறும் மரமாகவே விடப்படுகின்றன. ஈரம் போவது அந்த வழியால்தான். பூட்டைப் பொருத்தும் முன் அந்த இடங்களுக்கு இரண்டு தரம் வார்னிஷ் அடித்துக் காயவிட்டால், மேலே சொன்ன பிழைகளில் பாதி எட்டிப் பார்க்காது.

புதிதாகப் பூட்டியதும் கைபிடி வெறுமனே சுழல்கிறது

கைரேகை எடுக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, கைபிடியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. கைபிடி வகைப் பூட்டில் மோட்டாரின் வேலை சின்னது: வெளிக்கைபிடியையும் நாக்கையும் உள்ளே இணைத்துவிடுவது மட்டும்தான். நாக்கை இழுப்பது உங்கள் கை. அந்த இணைப்பு விழாமல் இருக்கப் பெரும்பாலும் காரணம் 8 மி.மீ. சதுரக் கம்பிதான்.

கம்பியின் ஓரத்தில் ஒரு அம்புக்குறியோ வெட்டோ இருக்கும். வெளிப்பலகையின் பின்புறத்திலும் அதற்கு இணையான குறி உண்டு. இடக்கைக் கதவுக்கும் வலக்கைக் கதவுக்கும் அந்தக் குறி வெவ்வேறு பக்கம் பார்க்க வேண்டும். கையேட்டில் உங்கள் கதவு திறக்கும் பக்கத்துக்கான படத்தைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். கம்பியோடு வந்த சின்னச் சுருள்வில்லைச் சிலர் மிச்சச் சாமான் என்று எறிந்துவிடுகிறார்கள். கம்பியை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிப்பது அதுதான். அது இல்லாவிட்டால் கம்பி உள்ளே நழுவி, ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது.

பொருத்தியதும் பலகையே எரியவில்லை, அல்லது பலகை எரிகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் இணைப்பு வயரைப் பாருங்கள். உள்பலகையை இறுக்கும்போது வயர் கதவுக்கும் பலகைக்கும் நடுவே நசுங்குவது வழமை. நீள் ஆணிகளை ஒரேயடியாக இறுக்காமல் மேலும் கீழும் மாறி மாறி இறுக்குங்கள். கைபிடி தானாக மேலே திரும்பி வராவிட்டால் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய பலகை வளைந்து கைபிடியைக் கடிக்கும்.

இன்னும் வாங்கவில்லை என்றால் கதவை அளந்த பிறகு கடைக்குப் போங்கள். 6068 என்று குறித்த பூட்டுப் பெட்டியில் கதவு விளிம்பிலிருந்து கைபிடியின் மையத்துக்கு 60 மி.மீ., கைபிடி மையத்திலிருந்து சிலிண்டர் மையத்துக்கு 68 மி.மீ. பெட்டி கதவுக்குள் ஏறத்தாழ 9 செ.மீ. போகும். சட்டம் போட்ட பழைய முதிரைக் கதவுகளில் ஓரச் சட்டம் ஒடுங்கலாக இருந்தால் அந்தக் குழி சட்டத்தையே பிளந்துவிடும். அப்படிப்பட்ட கதவுக்குக் குழி குடையாமல் உட்புற மேற்பரப்பில் பொருத்தும் வகையை எடுங்கள். கதவின் தடிப்பு 38 மி.மீ.க்குக் குறைவு என்றாலும் இதேதான்.

புதுப் பற்றறி போட்டும் குறைந்த பற்றறி எச்சரிக்கை

ஏஏ அளவில் நாலு போடும் பூட்டு, ஒன்றுக்கு 1.5 வோல்ட் என்று மொத்தம் 6 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. பெரும்பாலான பூட்டுகள் 4.8 வோல்ட் அளவில் எச்சரிக்கத் தொடங்கும். மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் பற்றறி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நாலும் சேர்ந்தால் சரியாக 4.8. நிரப்பிப் போட்டாலும் சீக்கிரமே பூட்டு அழும். பற்றறியில் குறையில்லை, இந்த வேலைக்கு அது பொருந்தாது.

பெட்டிக்கடையில் பென் டோர்ச் பற்றறி என்று கேட்டால் தருவது பல நேரம் கார்பன் வகை. அளந்தால் 1.5 வோல்ட் காட்டும். மோட்டார் ஓடும் கணத்தில் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது அது சட்டென்று சரியும், பூட்டு பாதியில் நிற்கும். அல்கலைன் என்று பற்றறியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். நாலையும் ஒரே நாளில், ஒரே வகையாக மாற்றுங்கள். மூன்று புதிது, ஒன்று பழையது என்று போட்டால் பழையதுதான் முதலில் வடிந்து கசியும், அதன் காரம் தொடுமுனையைத் தின்னும்.

நல்ல பற்றறி போட்டும் ஒரு மாதம் தாங்கவில்லையா? பற்றறி மூடியைக் கழற்றித் தொடுமுனைகளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பொடி என்றால் அல்கலைன் கசிவு. பச்சைப் படிவு என்றால் உப்புக்காற்று செம்பைத் தின்கிறது. இரண்டும் மின்தடையைக் கூட்டும். பற்றறிகளை எடுத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை வினாகிரியில் தொட்டுத் துடையுங்கள். தேசிக்காய்ப் புளியும் இதைச் செய்யும். பிறகு மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தோய்த்த வேறொரு குச்சியால் புளிப்பு முழுதும் போகத் துடைத்து, அரை மணித்தியாலம் காயவிடுங்கள். உப்புத்தாளால் சுரண்ட வேண்டாம். மேற்பூச்சு போனால் அடுத்த மாதமே இன்னும் மோசமாகும்.

தொடுமுனையும் சுத்தம், பற்றறியும் நல்லது என்றால் மறுபடி கதவுக்கே திரும்புங்கள். நாக்கு இடிக்கும் கதவில் மோட்டார் ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டும். பற்றறி வடிவது அதன் பக்க விளைவு.

தானியங்கி வகைகளில் 7.4 வோல்ட் லித்தியம் பொதி வரும். அதைக் கதவிலேயே வைத்து இரவிரவாக மின்னேற்றாமல் கழற்றி மேசையில் வைத்து ஏற்றுங்கள். கிழக்குப் பார்த்த வாசலில் காலை வெயில் நேரே விழும் கறுப்புப் பலகையின் உட்புறம் நன்றாகச் சூடேறும்; லித்தியத்துக்கு அந்தச் சூடு ஆகாது. பொதி ஊதியிருந்தால் மறுபடி ஏற்றவோ அழுத்தி உள்ளே தள்ளவோ கூடாது. புதிது வாங்குங்கள்.

பலகை செத்துக் கிடக்கிறது, நீங்கள் வெளியே

முதலில் கைத்திறப்பு. கைபிடியின் அடியிலோ பலகையின் கீழேயோ சின்ன மூடிக்குள் சிலிண்டர் ஒளிந்திருக்கும்.

திறப்பு கையில் இல்லையென்றால் அவசர மின்னூட்டம். பலகையின் அடியில் யூஎஸ்பி துவாரம் இருந்தால் பவர் பேங்கைச் செருகுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் பலரை நடுராத்திரியில் தவிக்க விட்டிருக்கிறது: இரு முனையும் சி வகையாக இருக்கும் வயர் பல மலிவுப் பூட்டுகளில் வேலை செய்யாது. மறுபக்கம் ஒரு கருவி இருப்பதைப் பவர் பேங்க்குக்குக் காட்டும் சின்னத் தடைகளை அந்தப் பூட்டுகளில் வைக்காமல் விட்டிருப்பார்கள். பவர் பேங்க்கும் மின்சாரம் விடாது. ஒரு முனை பழைய அகன்ற ஏ வகை, மறுமுனை சி வகை என்ற வயரால் முயலுங்கள். செருகியதும் பலகை எரியாவிட்டால் பவர் பேங்கின் பொத்தானை ஒருதரம் அழுத்துங்கள். பூட்டு இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்க் தானாக அணைந்துவிடும்.

துவாரத்துக்குப் பதில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருந்தால் அது 9 வோல்ட் சதுரப் பற்றறிக்கு. கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டே கைரேகையோ இரகசிய இலக்கமோ கொடுக்க வேண்டும். பற்றறியைத் தொட்டு எடுத்துவிட்டு விரலை வைத்தால் நடக்காது. கடலோர வீடுகளில் இந்தப் புள்ளிகளும் மங்கிப் போயிருக்கும். சேலைத் தலைப்பாலோ சட்டை நுனியாலோ அழுத்தித் துடைத்துவிட்டு வையுங்கள்.

கைரேகை ஒருவருக்கு எடுக்கிறது, இன்னொருவருக்கு இல்லை

விரல் ரேகையின் மேடு பள்ளத்தை இந்த உணரிகள் மிக நுண்ணிய மின் வேறுபாடாக வாசிக்கின்றன. வலை இழுப்பவர், மேசன் வேலை செய்பவர், நாள் முழுதும் தண்ணீரில் கை வைப்பவர், வயதானவர் என்று ரேகை தேய்ந்த கைகளுக்கு அது தடுமாறும். சின்னப் பிள்ளைகளின் ரேகை மிக நெருக்கமாக இருப்பதும் வளரும்போது மாறுவதும் இன்னொரு காரணம். உணரியில் பிழை தேட வேண்டாம், பதிந்த முறையை மாற்றுங்கள்.

ஒரே விரலை இரண்டு அல்லது மூன்று பதிவாக ஏற்றுங்கள். ஒன்று விரல் காய்ந்திருக்கும்போது, ஒன்று கை கழுவித் துடைத்த உடனே. பதியும்போது ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தை வைக்காமல் நடு, இடது ஓரம், வலது ஓரம், நுனி என்று சற்று நகர்த்துங்கள். மற்றக் கையிலும் ஒரு விரலைப் பதியுங்கள். வெங்காயம் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் அன்றைக்கு அதுதான் கைகொடுக்கும். அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் கைரேகையோடு மல்லுக்கட்டாமல் அட்டையோ திறப்புக்கொத்தில் கோர்க்கும் வில்லையோ பதிந்து கொடுங்கள்.

முன்பு எல்லோருக்கும் எடுத்தது, இப்போது ஒருவருக்கும் எடுக்கவில்லை என்றால் உணரியின் மேல் எண்ணெய்ப் படலமோ உப்புப் படலமோ இருக்கிறது. சற்று ஈரமாக்கிய மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

யாரும் தொடாமலே பலகை எரிகிறது, கத்துகிறது

மழைத்துளிதான். தொடுபலகைக்கு விரலும் வழிந்தோடும் தண்ணீரும் ஒன்றுபோலத் தெரியும். கார்த்திகை, மார்கழியில் சாரல் நேரே அடிக்கும் வாசலில் துளிகள் இலக்கங்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பலகை திரும்பத் திரும்ப விழிக்கும், பற்றறி வடியும், ஐந்து தரம் பிழையான இலக்கம் விழுந்ததும் பூட்டு சில நிமிடம் எவரையும் ஏற்காது. அந்த நேரத்தில் நீங்கள் சரியான இலக்கம் கொடுத்தாலும் மறுக்கும். பதறாமல் ஐந்து நிமிடம் விட்டு, பலகையைத் துடைத்துவிட்டு முயலுங்கள்.

நிரந்தரத் தீர்வு மறைப்பு. விறாந்தை இல்லாத வாசலுக்குச் சாரல் படாத அளவு கூரை நீட்ட வேண்டும், அல்லது பூட்டுக்கு மேல் சின்ன மூடி பொருத்த வேண்டும். வெளிக் கேற்றில் பொருத்துவதென்றால் வெளியிடத்துக்கென்றே செய்து, ஐபி65 போன்ற தர எண் குறித்த பூட்டை மட்டும் வாங்குங்கள். வீட்டுக் கதவுப் பூட்டை கேற்றில் பூட்டிப் பொலித்தீன் சுற்றுவதால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சீக்கிரம் கெடும்.

விருந்தினருக்குக் கொடுத்த இலக்கம் வேலை செய்யவில்லை

உப்புவெளி, நிலாவெளித் தங்குமிடங்களில் அடிக்கடி வரும் பிழை இது. டி.டி.லொக் செயலியில் ஓடும் பூட்டுகளில் காலவரையறை வைத்து உருவாக்கும் இலக்கத்தைப் பூட்டுக்குள் யாரும் அனுப்பிப் பதிவதில்லை. செயலியும் பூட்டும் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு ஒரே இலக்கத்துக்கு வருகின்றன. கணக்கில் நேரமும் ஓர் உறுப்பு. பூட்டின் கடிகாரம் தவறினால் இலக்கம் சரியாக இருந்தும் பூட்டு மறுக்கும்.

மாரியில் அறையை மூடி, பற்றறியை எடுத்து வைத்து, சித்திரை கழிந்து பருவம் தொடங்கும்போது மறுபடி போட்டால் கைரேகைகள் அழிந்திருக்காது, கடிகாரம் மட்டும் பிசகியிருக்கும். பூட்டின் அருகே நின்று, போனில் ப்ளூடூத் போட்டு, செயலியின் அமைப்புகளில் பூட்டின் நேரம் என்ற இடத்தில் திருத்துங்கள். நேர வலயம் ஜிஎம்டி கூட்டல் 5:30 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருந்து வந்த சொந்தக்காரரின் போனில் பூட்டைச் சேர்த்திருந்தால் இது மாறியிருக்க இடமுண்டு.

கடிகாரம் சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால் விதியைப் பாருங்கள். காலவரையறை இலக்கத்தைத் தொடக்க நேரத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் ஒருதரமாவது அழுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செத்துவிடும். ஒருதரம் மட்டும் திறக்கும் ஒருமுறை இலக்கம் 6 மணித்தியாலம்தான் தாங்கும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருபவருக்கு முந்தின நாள் பின்னேரமே ஒருமுறை இலக்கம் அனுப்பினால் விடியும்போது அது காலாவதி. அவருக்குக் காலவரையறை இலக்கத்தைக் கொடுங்கள், இறுதியில் சதுரக் கட்டக் குறியை (#) அழுத்த வேண்டும் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

செயலி பூட்டைக் காணவில்லை

பூட்டை விழிக்கச் செய்யாமல் தேடுவது முதல் பிழை. பலகையை உள்ளங்கையால் தொட்டு இலக்கங்கள் எரியும்போதே செயலியில் சேர்க்கத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் ப்ளூடூத்தோடு இருப்பிடமும் திறந்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்கள் என்ற அனுமதி தனியே கேட்கும், மறுத்திருந்தால் பூட்டு கண்ணிலேயே படாது.

போன் பூட்டைக் காண்கிறது, சேர்க்க மறுக்கிறது, ஏற்கெனவே பதிவாகியுள்ளது என்கிறது என்றால் பொருத்தியவர் சோதனைக்காகத் தன் கணக்கில் சேர்த்து விட்டுப் போயிருக்கிறார். உங்கள் வீட்டு முன்கதவின் நிர்வாகி வேறொருவர் என்பது சின்ன விடயமல்ல. அவரையே தன் செயலியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அது நடக்காவிட்டால் பற்றறி மூடிக்குள் உள்ள மீளமைப்புப் பொத்தானைக் குரலோ நீள ஒலியோ வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். எல்லாம் அழிந்து, பல பூட்டுகளில் 123456 என்ற தொழிற்சாலை இலக்கம் மீண்டும் உயிர் பெறும். அன்றே மாற்றுங்கள்.

வைஃபை வகை பூட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5ஐ அணையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். சேர்ந்த பிறகும் செயலி இணைப்பில் இல்லை என்று காட்டுவதைப் பிழை என்று எண்ண வேண்டாம். பற்றறியைக் காக்க இவை உறங்கும். யாராவது மணியை அழுத்தினாலோ பலகையைத் தொட்டாலோதான் விழிக்கும். தூரத்திலிருந்து திறப்பது அந்தச் சில பத்து விநாடிகளுக்குள்தான் நடக்கும்.

ப்ளூடூத் பூட்டைத் தூரத்திலிருந்து இயக்கத் தனி இணைப்புப் பெட்டி வேண்டும். சுவர் குறுக்கிடாமல் பூட்டிலிருந்து சில மீற்றருக்குள் அதை வையுங்கள். மின்சாரம் நின்றால் பெட்டியும் ரவுட்டரும் நிற்கும், பூட்டு நிற்காது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் கைரேகையும் இலக்கமும் பற்றறியில் ஓடியிருக்கும். நின்றிருக்கக் கூடியது தூர இயக்கம் மட்டும். அது அவசியம் என்றால் ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் போதும்.

கதவு பூட்டாமலே கிடக்கிறது, அல்லது உள்ளேயிருந்து பூட்டியதாகச் சொல்கிறது

பூட்டாமல் கிடந்தால் எப்போதும் திறந்த நிலை என்ற அமைப்பு தவறுதலாக இயங்கியிருக்கும். நிர்வாகி இலக்கத்தைக் கொடுத்து அணையுங்கள். கதவு சாத்தியதை ஒரு காந்தம் பார்த்துச் சொல்லும் வகையில், நிலையில் ஒட்டிய காந்தம் உதிர்ந்திருக்கலாம். சரியான விரலுக்கும் சிவப்பு எரிந்து உள்ளே பூட்டியிருக்கிறது என்று ஒலித்தால், உள்ளே ஒருவர் இரட்டைத் தாழ்ப்பாளைத் திருகியிருக்கிறார். பல பூட்டுகளில் நிர்வாகியின் கைரேகை மட்டும் அதை மீறும்.

திறப்பு போட்டும் சுழலவில்லை

ஒரு வருடமாகத் தொடாத சிலிண்டருக்குள் உப்பும் மணல்தூசும் சேர்ந்து இறுகிவிடும். பலம் கொடுத்தால் திறப்பு உள்ளேயே முறியும். பென்சிலின் கரியைத் திறப்பின் இரு பக்கமும் அழுத்தித் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்து, மெதுவாக இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் எண்ணெயும் வேண்டாம். ஒரு வாரம் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், உயவு அதிகம் தங்காது. சிலிண்டருக்குக் காரீயப் (கிராஃபைட்) பொடியோ உலர் உயவுத் தெளிப்போ நல்லது. தொடுபலகையின் மேல் எதையும் தெளிக்க வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு ஒருதரம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைத்திறப்பால் பூட்டித் திறவுங்கள். இரண்டு திறப்பும் ஒரே வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஒன்று அயலில் உள்ள சித்தி வீட்டிலோ கடையிலோ இருக்கட்டும். குசினிப் பக்கக் கதவுக்குச் சாதாரணத் திறப்புப் பூட்டையே விட்டு வையுங்கள். முன்கதவு எந்த வழியிலும் திறக்காத நாளில் உள்ளே போவது அந்த வழியால்தான். உள்ளே போனதும் உள்பலகையைக் கழற்றிப் பெட்டியின் சதுரக் கம்பியைக் குறட்டால் திருப்பினால் நாக்கு வந்துவிடும். சிலிண்டரைத் துளைத்து உடைக்கும் செலவு மிச்சம்.